வீட்டை நம்புவது: இமையத்தின் கதைகளை முன்வைத்து

1

தமிழில் நம்புவது என்ற வினை இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒருவன் சொல்வதை மெய் என்று ஏற்பதும் நம்புவதுதான். அவனைச் சார்ந்து, அவனை விட்டால் பிழைப்பில்லை என்று கிடப்பதும் நம்புவதுதான். 'உங்களை நம்பித்தான் இருக்கோம்' என்று ஒரு கூலிக்காரன் சொல்லும்போது எதிரே நிற்பவனுடைய நாணயத்துக்கு அவன் சான்றிதழ் தருவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வேறு போக்கிடம் இல்லை என்கிறான், அவ்வளவுதான். முதல் வகை நம்பிக்கையில் தேர்வு இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் விலகிக்கொள்ளலாம். இரண்டாவதில் அதற்கெல்லாம் இடமில்லை.

குடும்பத்தைப் பற்றி நம் எழுத்தில் நடந்திருக்கும் பெரிய புரட்டு, இந்த இரண்டாவதை முதலாவதாகக் காட்டியதுதான். போக்கிடம் இல்லாமைக்குப் பாசம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. தொடர்கதைகளும் சினிமாவும் இந்தப் பெயரை வைத்தே வயிறு வளர்த்தன. அவற்றில் குடும்பம் ஒரு கோயில். தப்பு செய்தவன் கடைசி ரீலில் வந்து காலில் விழுவான். தாய் கண்ணீரோடு தூக்கிவிடுவாள். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

பேச வேண்டியது நம்மைப் பற்றி. கோயிலுக்கு எதிராகச் சிறுபத்திரிகை எழுத்து வைத்தது சிறையை. குடும்பம் தனிமனிதனின் குரல்வளையை நெரிக்கிறது, அவன் திமிறுகிறான், வெளியேறுகிறான். இந்தத் தளத்தில் நல்ல சிருஷ்டிகள் வந்திருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. 1966இல் வந்த 'அம்மா வந்தாள்' நாவலிலேயே தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்க வேண்டியது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த நிச்சயத்தை ஜானகிராமன் கலைத்துவிட்டார். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் கதைகளில் வீட்டை விட்டு வெளியேறிய இளைஞனுக்குப் பெரும்பாலும் ஒரு மேன்ஷன் அறை இருந்தது. ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. அவனுடைய அந்நியமாதலுக்கு ஆபீஸ் கேன்டீன் டிபன் போட்டது. குடும்பத்தை நிராகரிக்கும் சௌகரியம் அவனுக்கு இருந்தது என்பதையும் அந்தச் சௌகரியம் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தக் கதைகள் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியேறினால் அடுத்த வேளைச் சோறு கிடையாது, அல்லது வெளியேறினால் உயிர் கிடையாது என்ற நிலையில் இருப்பவர்கள் குடும்பத்தை எப்படி நம்புகிறார்கள்? இந்தக் கேள்வி கோயில்காரர்களுக்கும் தெரியாது, சிறைக்காரர்களாகிய நமக்கும் தெரியாது.

இமையத்தின் எழுத்து எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்த இடத்தில்தான். 1994இல் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது எழுந்த சர்ச்சை, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் ஒடுக்குமுறையை எழுதலாமா கூடாதா என்பதாக இருந்தது. அந்தச் சண்டையின் புழுதியில் ஒரு விஷயம் கண்ணில் படவில்லை. காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், ராச்சோறு எடுக்கப் போகும் வீடுகளைத் தன் வீடுகளாகவே நினைக்கிறாள். ஊர் அவளுக்குக் கூலி கொடுப்பதில்லை. கொடுக்கிற கொஞ்சத்தையும் உறவு என்ற பெயரில் கொடுக்கிறது. உறவின் பேச்சில் கணக்குக் கேட்க முடியாது. கணக்குக் கேட்க முடியாத இடத்தில் சுரண்டுவது எளிது. 'ஆறுமுகம்' (1999) நாவலில், தாயைப் பார்க்கக் கூடாத நிலையில் பார்த்துவிட்ட பையன் வீட்டை விட்டு ஓடுகிறான். 'செடல்' (2006) நாவலில், மழைக்காகத் தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமியை இங்கேயே விட்டுவிட்டுக் குடும்பம் பஞ்சம் பிழைக்க இலங்கைக்குப் போய்விடுகிறது. யாரை நம்பி என்ற ஒரே கேள்வியைத்தான் இவர் திரும்பத் திரும்ப வேறு வேறு வீடுகளின் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி முழு வலுவோடு வருவது 'பெத்தவன்' (2012) நெடுங்கதையிலும் 'செல்லாத பணம்' (2018) நாவலிலும். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

2

நான் இருப்பது நல்லூரில். எதற்கும் விருத்தாசலம்தான் போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் பழமலைநாதர் கோயில் கோபுரம், இன்னொரு பக்கம் பீங்கான் தொழிற்பேட்டைச் சூளைகள். பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று மண்ணைச் சுட்டு விற்கும் ஊர். கோயிலை ஒட்டி மணிமுத்தாறு. வருஷத்தில் பாதி நாள் மணல்.

இந்த ஆற்றைப் பற்றிச் சேக்கிழார் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவாரூரில் பங்குனி உத்திரச் செலவுக்குப் பரவையாருக்குப் பொன் வேண்டும். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெறுகிறார். தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்கிறார் சிவன். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதா என்று அங்கே மனைவி சிரிக்கிறாள். பொன் வருகிறது.

கதையில் இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் ஒரு சின்ன விவரம். பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன்னால் சுந்தரர் அதில் கொஞ்சம் மச்சம் வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்திலிருந்து வந்த பொன்னை இந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார், மாற்றுச் சரியாகிறது. கொடுத்தவன் கடவுள். அவனோ தோழன் என்று பேர் வாங்கியவன். அவனிடமே மச்சம் வெட்டி வைத்துக்கொள்ள ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதைப் பக்தி குறைவு என்று சேக்கிழாரும் நினைக்கவில்லை. நம்புவதற்குள்ளேயே உரைத்துப் பார்ப்பதற்கும் இடம் இருந்த ஒரு உறவு அது.

குடும்பத்தில் நாம் மச்சம் வெட்டி வைப்பதில்லை. கேட்டால், பெற்றவர்களிடம் போய் உரைகல்லை நீட்டுவதா என்பார்கள். உரைத்துப் பார்க்கும் நாள் என்று ஒன்று வந்து சேரும்போது கையில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இமையத்தின் இந்த இரண்டு கதைகளும் அந்த நாளைப் பற்றியவை.

3

'பெத்தவன்' கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். பழனியின் மகள் பாக்கியம் ஒரு தலித் இளைஞனைக் காதலிக்கிறாள். அவன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். ஊர் கூடி, மகளைக் கொன்றுவிடும்படி பழனிக்குச் சொல்கிறது. அவன் ஒப்புக்கொள்கிறான். இரவில் அவளைக் காதலனிடம் போய்ச் சேரும்படி அனுப்பிவிட்டுத் தான் விஷம் குடித்துச் செத்துப்போகிறான்.

தலைப்பே கவனிக்கத்தக்கது. தந்தை இல்லை, அப்பா இல்லை, பெத்தவன். அப்பா என்ற சொல்லில் அதிகாரம் இருக்கிறது, ஆஸ்தி இருக்கிறது, கௌரவம் இருக்கிறது. பெத்தவன் என்பதில் இவை எதுவும் கிடையாது. ஒரு உயிரைக் கொண்டுவந்தவன், அதற்கு மேல் ஒன்றும் இல்லாதவன். ஊர் பழனியிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு எஞ்சுவது இந்தச் சொல்தான். அது போதுமா என்பதே கதை.

ஊர்க்கூட்டத்தில் அவனைச் சூழ்ந்து நிற்பவர்கள் யார்? அந்நியர்கள் இல்லை. பங்காளிகள், மாமன் மச்சான்கள். ஜாதி நம் கிராமங்களில் சட்டத்தின் பாஷையில் பேசுவதில்லை, உறவின் பாஷையில்தான் பேசுகிறது. அண்ணே, மாமா, சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் கழுத்தில் கையை வைக்கிறது. குடும்பத்தையும் ஜாதியையும் எதிரெதிராக நிறுத்தி, நல்ல குடும்பம், கெட்ட ஜாதி என்று பாகம் பிரித்துப் பார்க்கும் சீர்திருத்தக் கதைகள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். கல்யாணம், காரியம், கடன், வரப்புச் சண்டை என்று எதற்கெல்லாம் ஒருவன் குடும்பத்தை நம்புகிறானோ அதற்கெல்லாம் அவன் ஜாதியையும் சேர்த்தே நம்பிக்கொண்டிருக்கிறான். இரண்டுக்கும் ஒரே வாசல். பழனி அந்த வாசலைத் தன் கையால் சாத்த வேண்டியிருக்கிறது.

அவன் அதை எப்படிச் செய்கிறான் என்பதில்தான் இமையத்தின் பார்வை தெரிகிறது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஜாதி ஒழிய வேண்டும் என்று பிரசங்கம் செய்யவில்லை. ஊருக்குப் பொய் சத்தியம் செய்கிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது மனிதனின் பெரிய யோக்கியதை என்று நாம் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு தகப்பன் மகளின் நம்பிக்கைக்கு உரியவனாவதற்கு உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் வாக்குத் தவறியவனாக வேண்டியிருக்கிறது. பாக்கியத்தின் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். அவளைக் கொல்வதாக ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட அதே மனிதன்தான் இப்போது போ என்கிறான். உரைத்துப் பார்க்க அவளிடம் எதுவும் இல்லை, அவகாசமும் இல்லை. போக்கிடம் இல்லாத நம்பிக்கை, மெய்யான நம்பிக்கையாக மாறும் ஒரே கணம் அது. அந்தக் கணத்துக்காகவே இந்தக் கதை தமிழில் நிற்கும்.

ஆனால் இந்தப் பக்கத்துக்காரன் இந்தக் கதையை வெறும் கதையாகப் படிக்க முடியாது. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, கண்ணகி, முருகேசன் என்ற இருவரும் விஷம் புகட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். முருகேசன் தலித், இன்ஜினியரிங் படித்தவன். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். அந்த மே மாதம் 5ஆம் தேதி கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வெளியே தெரியாமல் இருந்தார்கள். போலீஸ் முதலில் கட்டிய வழக்கின்படி இரண்டு குடும்பங்களும் தத்தம் பிள்ளைகளைக் கொன்றிருந்தன. முருகேசன் தரப்பு உறவினர்களும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. 2021 செப்டம்பர் 24இல் கடலூர் நீதிமன்றம் பதின்மூன்று பேருக்குத் தண்டனை விதித்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. தகப்பன் உட்பட மற்றவர்களுக்கு ஆயுள். அவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. 2022இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இரண்டு பேரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் இருபத்தியிரண்டு வருஷங்கள்.

இந்த வழக்கில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது போலீஸ் முதலில் கட்டிய அந்தக் கதைதான். மகனைத் தகப்பனே கொன்றிருப்பான் என்பது எழுதினால் எடுபடும் என்று ஒரு ஸ்டேஷனுக்குத் தோன்றியிருக்கிறது. கொல்வது குடும்பத்தின் வழக்கமான வேலைகளில் ஒன்று என்று ராஜாங்கமே ஏற்றுக்கொண்டுவிட்டது போல. ஒரு குடும்பம் கொன்றது. அதை மறைக்க இன்னொரு குடும்பத்தின் தலையிலும் அதே கொலை சுமத்தப்பட்டது. சுமத்தப்பட்ட குடும்பமோ இருபத்தியிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தது. செத்துப்போன பிள்ளைக்காக, அவனுக்கு எந்த உபயோகமும் இல்லை என்று தெரிந்தும் நடந்தது. குடும்பத்தை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய உதாரணம் இந்த நடைதான். இதில் சினிமாவுக்கு வேண்டிய காட்சி ஒன்றுகூடக் கிடையாது. வாய்தா தேதிகள், பஸ் டிக்கெட்டுகள், வயது ஏறிக்கொண்டே போகும் முகங்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்ன பிறகு 'பெத்தவன்' முடிவைப் பற்றி எனக்கிருக்கும் சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். பழனி சாகிறான். சாவு அவனைப் பரிசுத்தமாக்குகிறது. வாசகன் அழுதுவிட்டு மனம் லேசாகி எழுந்து போகிறான். மலிவுப் பதிப்பாகப் பெருமளவில் கைமாறிய கதை இது. படித்து அழுதவர்களில் அந்த மாதிரிக் கூட்டத்தில் நின்றவர்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கதை அவர்களை என்ன செய்தது? கதை வந்த அதே 2012இல், நவம்பர் 7ஆம் தேதி, தர்மபுரிப் பக்கம் காதல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் தகப்பன் நிஜமாகவே தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் அன்றே சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பெத்தவனின் சாவு ஊர் கையில் கிடைத்தால் அது எதற்குப் பயன்படும் என்பதை வாழ்க்கை உடனே காட்டிவிட்டது. இமையத்தின் கதையில் பழனியின் பிணம் கிடக்கும் மறுநாளை ஊர் எப்படிப் பயன்படுத்தியிருக்கும் என்று யோசிக்கும்போது கதை முடிந்த இடம் எனக்குச் சௌகரியமான இடமாகத் தோன்றுகிறது.

பழனி சாகாமல் இருந்திருந்தால்? மறுநாள் காலையில் எழுந்து, மாட்டைப் பிடித்துக் கட்டி, டீக்கடைக்குப் போய் நின்றிருந்தால்? அது எழுதக் கடினமான கதை. அப்படி ஒருவன் உயிரோடு நிற்க அந்த ஊரில் இடமில்லை, அதனால்தான் அவன் சாகிறான் என்று இமையத்தின் தரப்பில் பதில் சொல்லலாம். பதிலில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் செத்தவனை நம்புவது எளிது. அவன் நாளைக்கு மாறிவிட மாட்டான்.

4

'செல்லாத பணம்' அந்த எளிமைக்கு இடம் கொடுக்காத நாவல். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு இதற்குக் கிடைத்தது. பரிசுகளைப் பற்றி நமக்கிருக்கும் அபிப்பிராயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படிக்க வேண்டிய நாவல். நடேசன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், வசதியுள்ளவர். இன்ஜினியரிங் படித்த மகள் ரேவதி, பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். வீடு முழு மனதோடு சம்மதித்த கல்யாணம் இல்லை. பிறகு ஒருநாள் உடல் வெந்து, பாண்டிச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். தகப்பன், தாய் அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி எல்லோரும் வெளியே காத்திருக்கிறார்கள். நாவலின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

இதைப் படிக்கும்போது எனக்குப் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. சொ. விருத்தாசலம் என்ற அவருடைய சொந்தப் பெயரும் இந்த ஊர்ப் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இருக்கிறது. இரண்டிலும் ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். ஜவுளிக்கடைச் சம்பளக்காரரான பிரமநாயகம் பிள்ளைக்குப் பட்டணத்தில் ஒட்டு உறவு கிடையாது. மனைவியின் கடைசி நேரத்தைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். அவர் கை செய்யும் வேலைகளில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அங்கே உறவு என்பது வெந்நீர் வைப்பது, தலையணையைச் சரிசெய்வது போன்ற காரியம். சொல் குறைவு, காசு அதைவிடக் குறைவு. இமையத்தின் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜனங்களுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. உள்ளே கிடப்பவளைத் தொட்டு ஒரு காரியமும் செய்ய முடியாது. கதவு சாத்தியிருக்கிறது. செய்யக் காரியம் இல்லாத பாசம் பேச்சாக மாறுகிறது. பேச்சு குற்றச்சாட்டாக மாறுகிறது. அன்றைக்கே நான் சொன்னேன், உன்னால்தான், உன் செல்லத்தால்தான். சாகப்போகும் ஒருத்தியின் வாசலில் ஒரு குடும்பம் உட்கார்ந்து தன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறது. இதை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறோம். எழுத்தில் இவ்வளவு நெருக்கத்தில் நான் பார்த்தது இதில்தான்.

தலைப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எனக்கும் நாவலைப் பாராட்டிய பலருக்கும் வித்தியாசம் இருக்கிறது. எவ்வளவு பணம் இருந்தாலும் சாவின் முன்னால் செல்லாது என்ற தத்துவமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் அது எந்தக் கிழவியும் திண்ணையில் சொல்லக்கூடிய வார்த்தை. அதற்கு ஒரு நாவல் வேண்டியதில்லை. என் வாசிப்பில் அந்தப் பணம் ஜிப்மரில் செல்லாமல் போகவில்லை. அதற்கு முன்பே செல்லாமல் போய்விட்டது. அவள் வீட்டை விட்டுப் போன பிறகு, நடுவில் இருந்த அத்தனை வருஷங்களில், எந்த நாளில் கொடுத்திருந்தாலும் செல்லியிருக்கக்கூடிய ஒன்று, பணம் என்று மட்டும் சொல்ல முடியாத ஒன்று, கொடுக்கப்படாமல் பெட்டிக்குள் கிடந்து காலாவதியாகிவிட்டது. மகள் வந்து கேட்பாள் என்று வீடு காத்திருந்தது. கேட்டால் தோற்றுப்போனதாகும் என்று மகள் காத்திருந்தாள். இரண்டு பக்கமும் நம்பிக்கை இருந்தது என்பதுதான் கொடுமை. ஆற்றில் போட்டிருந்தார்கள், எந்தக் குளத்தில் எடுப்பது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

ரவியை இமையம் வில்லனாக்கவில்லை. அவன் தன் பக்கத்தைப் பேசும் பகுதி நாவலின் உச்சம் என்றே சொல்வேன். அவன் நல்லவன் என்று அதனால் ஆகிவிடவில்லை. குடிப்பதும் அடிப்பதும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அந்த வீடு அவனை ஒருநாளும் மருமகன் என்று கூப்பிட்டதில்லை என்ற உண்மையும் அதே அளவு கனத்தோடு எதிரே வந்து நிற்கிறது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள் எங்கள் பக்கம். இந்தக் குடும்பம் சூளையில் வெந்து இறுகிவிட்ட பாத்திரம். வெளியிலிருந்து வரும் எதையும் அதில் ஒட்ட முடியாது. ரேவதி ஒட்டப் பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த பிறகும் மருமகனை உள்ளே விடாத வீடு, அந்தப் பெண்ணை எங்கே நிறுத்துகிறது? புருஷனை நம்ப முடியாது. புருஷனை நம்ப முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் பெற்றவர்களிடமும் போய் நிற்க முடியாது. ரேவதி நின்ற இடம் அதுதான்.

5

குறைகளைச் சொல்லாமல் விடுவது இமையத்துக்கு மரியாதை ஆகாது. 'செல்லாத பணம்' அளவுக்கு மீறிப் பேசுகிறது. ஒரே துக்கத்தை அமராவதி பேசுகிறாள், பிறகு முருகன் பேசுகிறான், பிறகு வார்டு வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள் பேசுகிறார்கள். துக்க வீட்டில் ஜனங்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பது உண்மை. துக்க வீட்டுப் பேச்சை அப்படியே இறக்கி வைப்பது மட்டும் கலையாகிவிடாது என்பதும் உண்மை. புதுமைப்பித்தன் ஒரு பாத்திரத்தின் கையசைவில் முடித்ததை இவர் பத்துப் பக்க வசனத்தில் தேடுகிறார். சில இடங்களில் கிடைக்கிறது. சில இடங்களில் கண்ணீர் மட்டும் கிடைக்கிறது. வாசகனின் கண்ணீரை இவர் கொஞ்சம் அதிகமாக நம்புகிறார். 'பெத்தவன்' முடிவில் நான் கண்ட குறையும் இந்தக் குறையும் ஒன்றுதான்.

இன்னொன்று. நாவல் ஆஸ்பத்திரியிலேயே நடப்பதால், நடுவில் போன வருஷங்கள் நினைவுகூரலாகவும் புலம்பலாகவும் மட்டுமே வருகின்றன. அந்த வருஷங்களின் சாதாரண நாட்கள், ஒரு போன் கால் செய்யப்படாமல் போன சாயங்காலம், தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது ஒரு பெயர் விட்டுப்போன நேரம், இவைதான் கொலை நடக்கும் இடங்கள். நெருப்பு கடைசியில்தான் வருகிறது. இமையம் நெருப்பை எழுதிவிட்டார், அந்தச் சாயங்காலத்தை எழுதவில்லை.

இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் படிப்பு இல்லை. என் பெரியப்பா மகள் ஒருத்தி வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போனாள். பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் அவள் பேச்சு எடுக்கப்படவில்லை. நான் அந்தச் சமயத்தில் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் தனிமனித சுதந்திரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் இருந்தது ஒரு மணி நேர பஸ் தூரத்தில். பெரியப்பாவுக்குப் பயந்தா, சோம்பலா, அவளுக்கே விருப்பமிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை. போகவில்லை. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது எல்லோரும் ஓடினோம். எல்லோர் பையிலும் பணம் இருந்தது. அவள் பிழைத்துவிட்டாள். அதனால் எங்கள் கதை நாவலாகவில்லை. கண் விழித்ததும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது என்று வெளியே வந்து நாங்கள் போட்டி போட்டோம்.

'செல்லாத பணம்' படித்து முடித்த அன்று, பில் கட்டிய அந்தக் கவுண்டரில் நின்ற என் முகம் எனக்குத் தெரிந்தது. ஒரு நாவலிடம் நான் கேட்பது இதைத்தான், இதற்குக் குறைந்து எதுவும் இல்லை. இமையத்தின் வசனங்களில் பாதியைக் குறைத்துவிடலாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் மிஞ்சும் பாதி, குடும்பத்தைக் கோயில் என்றும் சிறை என்றும் எழுதித் தள்ளிய நம்மில் யாரும் எழுதாதது.

அவள் இப்போதும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். அந்த ஊர் பஸ் விருத்தாசலத்திலிருந்து நாளைக்கு நாலு தடவை போகிறது.